சில முழம் காஸ் துணி

கோவிலம்பாக்கத்திலும் அதைச் சுற்றியுள்ள நன்மங்கலம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பகுதிகளிலும் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “கரண்ட் வைக்கணும்னு சொன்னாங்களா?” என்பது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் மக்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட பெயர் அது. மின்சாரத்தால் தரப்படும் சிகிச்சை இல்லைதான்; ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் உடம்புக்குள் பாய்கிற ஒன்று என்பதை அந்தச் சொல் பிடித்துவிட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு இந்தக் கரண்ட் பெரும்பாலும் இரண்டு விதமாக வைக்கப்படும். ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், பெரிய இயந்திரத்தின் அடியில் படுக்கவைத்து வெளியிலிருந்து கொடுப்பது ஒன்று. அது முடியும் தறுவாயில், கதிரியக்கப் பொருளைக் கர்ப்பப்பைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துக் கொடுப்பது இன்னொன்று. டாக்டர்கள் அதை ‘பிராக்கிதெரபி’ என்பார்கள். இந்த இரண்டாவது சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ரேடியம், சீசியம், கோபால்ட், இரிடியம் என்று உலோகங்களின் வரிசையாகவோ, இயந்திரங்களின் வரிசையாகவோ எழுதிவிடுகிறார்கள். அந்த உலோகத்தை உடம்புக்குள் ஓர் இடத்தில் அசையாமல் நிறுத்தி வைக்க மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதே இந்தச் சிகிச்சையின் உண்மையான வரலாறு என்று நான் நினைக்கிறேன். தக்கை, ரப்பர், நூல், பட்டன், சில முழம் காஸ் துணி ஆகியவைதான் அந்த வரலாற்றின் பாத்திரங்கள்.

இதற்குக் காரணம் ஓர் எளிய இயற்பியல் விதி. கதிரியக்கப் பொருளிலிருந்து தூரம் இரு மடங்கானால் கதிரின் வலு நான்கில் ஒன்றாகும். சிம்னி விளக்கின் கண்ணாடிக்கு அருகே விரலைக் கொண்டுபோனால் சட்டென்று சுடுவதும், ஒரு சாண் தள்ளி வைத்தால் ஒன்றும் தெரியாமல் போவதும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான். பழைய கோபால்ட் இயந்திரத்தில் கதிர் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து வந்தது. அங்கே தூரம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் கதிரின் அளவு சுமார் கால் சதவீதம் குறையும். கணக்கில் எடுத்துக்கொள்ளவே வேண்டாம். உள்ளே வைக்கும் சிகிச்சையில் கதிரியக்கப் பொருள் கட்டியிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். அது ஒரு மில்லிமீட்டர் விலகினால் கட்டிக்குப் போகவேண்டிய கதிரில் 17 சதவீதம் குறைந்துவிடும். அதே ஒரு மில்லிமீட்டர் மலக்குடல் பக்கம் நெருங்கினால், அந்தச் சுவரில் விழும் கதிர் 23 சதவீதம் கூடும். முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் கட்டி என்று எல்லாமே விரற்கடை தூரத்துக்குள் அடங்கிய இடம் அது. இந்தச் சிகிச்சையின் பலமும் ஆபத்தும் ஒரே விதியிலிருந்து பிறக்கின்றன. அருகில் வைப்பதால்தான் கட்டியைக் கருக்க முடிகிறது. அருகில் இருப்பதால்தான் சிறு விலகலும் புண்ணாகிறது. பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் கல் உடைத்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். சம்மட்டி எவ்வளவு கனம் என்பதைவிட உளி எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே பாறை பிளக்கும்.

ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டது 1898-ல். 1901-ல் பியேர் கியூரி கொஞ்சம் ரேடியத்தைப் பாரிஸ் தோல் மருத்துவர் டான்லோவிடம் கொடுத்தார். 1903-ல், தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், ரேடியத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கட்டிக்குள்ளேயே வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு டாக்டருக்குக் கடிதம் எழுதினார். யோசனை வந்த வேகத்தில் அதை நிலைநிறுத்தும் வழி வரவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளின் வேலையெல்லாம் அந்த வழியைத் தேடியதுதான். ஸ்டாக்ஹோமில் தட்டையான பெட்டிகளைக் கர்ப்பப்பை வாயில் வைத்துத் துணியடைத்தார்கள். பாரிஸில் தக்கையால் உருளை செய்து, இரண்டு தக்கைகளுக்கு நடுவே சுருள்கம்பி வைத்து, அவை விலகி நிற்கும்படி செய்தார்கள். மான்செஸ்டரில் டாட், மெரிடித் இருவரும் 1938-ல் வெளியிட்ட முறைதான் பின்னால் உலகமெங்கும் பரவியது. அதில் கர்ப்பப்பைக்குள் போவதற்கு ஒரு ரப்பர் குழாய். வாயின் இரு பக்கமும் முட்டை வடிவில் இரண்டு ரப்பர் உருண்டைகள். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு. உருண்டைகள் நெருங்கிவிடாமலிருக்க இடையில் ஒரு ரப்பர் துண்டு. குழாய் மேலே நழுவாமலிருக்க அதன் அடியில் ஒரு விளிம்பு. கதிரின் அளவைக் குறிக்க ‘ஏ புள்ளி’ என்று ஓர் இடத்தை வரையறுத்தார்கள். கர்ப்பப்பைக் கால்வாயிலிருந்து 2 சென்டிமீட்டர் பக்கவாட்டில், யோனியின் பக்கக் குழிவிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே. இன்றும் எம்.டி. மாணவர்கள் மனப்பாடம் செய்வது இந்தப் புள்ளியைத்தான். ஆனால் அதே முறையில் இருந்த இன்னொரு விதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையிலான சுவரில் விழும் கதிர், ஏ புள்ளியில் விழுவதைவிடக் குறைவான ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டாமல் காப்பது எது? உருண்டைக்கும் சுவருக்கும் நடுவே இறுக்கமாக அடைக்கப்படும் காஸ் துணி. அந்தக் காலத்தின் மிக நுட்பமான கணக்கு, துணி அடைக்கும் விரலை நம்பித்தான் போடப்பட்டது.

சென்னையில் இந்தத் தொழிலுக்கு இரண்டு வீடுகள். ஒன்று, பொது மருத்துவமனையில் 1934-ல் தொடங்கிய பர்னார்ட் கதிரியல் நிறுவனம். இன்னொன்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிடிவாதத்தால் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்திய மாதர் சங்கத்தின் வழியாக ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அடுத்த ஆண்டு டாக்டர் வி. சாந்தா சேர்ந்தார். அவரும் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் அதை வளர்த்த கதை பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் முன் வந்து நின்ற நோய் எது என்பதுதான் இங்கே முக்கியம். 1980-களின் தொடக்கத்தில் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு எண்ணத் தொடங்கியபோது, பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அடையாற்றிலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் கோவிலம்பாக்கம் அன்று ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த கிராமம். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. இப்படிப்பட்ட கிராமங்களிலிருந்து வந்த பெண்களில் பலர் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். முற்றிய நோய்க்கு அறுவைச் சிகிச்சை உதவாது, கதிர்தான். அதனால் தமிழ்நாட்டில் உள் கதிர்வீச்சு என்பது எப்போதாவது செய்யும் அரிய சிகிச்சையாக இருந்ததில்லை. வாரந்தோறும் செய்தே ஆகவேண்டிய கைவேலையாக இருந்தது.

ரேடியம் வார்டு எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மான்செஸ்டர் கணக்கின்படி, ஒருமுறை வைத்தால் சுமார் 72 மணி நேரம், சில நாள் இடைவெளிக்குப் பின் இன்னொரு 72 மணி நேரம். மூன்று பகல், மூன்று இரவு ஒரு பெண் மல்லாந்தே கிடக்க வேண்டும். சிறுநீருக்குக் குழாய். மலம் கழித்தால் அடைத்தது இறங்கிவிடும் என்று அதற்கேற்ற குறைந்த உணவு. இருமினால் நகரும், எழுந்து உட்கார்ந்தால் நகரும், புரண்டு படுத்தால் நகரும். நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நர்ஸ். ஆனால் அவருக்குச் சொல்லப்பட்ட விதி, கட்டில் அருகே அதிக நேரம் நிற்காதே என்பது. ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று பேசிவிட்டு, வேண்டியதைச் செய்துவிட்டு உடனே போய்விட வேண்டும். அந்தக் கதிர் நோயாளியின் கட்டிக்கு மருந்து, நர்ஸின் உடம்புக்கு விஷம். எதைக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டுமோ, அதன் அருகில் நிற்கவே முடியாது என்பதுதான் ரேடியம் காலத்தின் அடிப்படை முரண். வைக்கிற டாக்டருக்கும் அதே நெருக்கடி. கையில் இருப்பது உயிருள்ள ரேடியம். ஒவ்வொரு நிமிடமும் தன் விரலில் கதிர் ஏறுகிறது என்று தெரிந்தே துணியை அடைக்க வேண்டும். அவசரத்தில் அடைத்தது அவசரமாகத்தான் இருக்கும்.

இந்த முரணை உடைத்தது 1960-ஐ ஒட்டி வந்த ஒரு மாற்றம். நியூயார்க்கில் ஹென்ஷ்கே, ஹூஸ்டனில் பிளெட்சரின் கருவியைத் திருத்திய சூட் ஆகியோர், முதலில் வெற்றுக் கருவியை வைப்போம், நிலை சரியா என்று பார்ப்போம், பிறகு கதிரியக்கப் பொருளை உள்ளே செலுத்துவோம் என்றார்கள். ‘ஆஃப்டர்லோடிங்’ என்று பெயர். 1962-ல் ஸ்வீடனில் வால்ஸ்டாம் அந்தச் செலுத்துதலையும் கையால் செய்ய வேண்டாம், இயந்திரமே தூரத்திலிருந்து செய்யட்டும் என்று காட்டினார். பாடநூல்கள் இதை ஊழியர் பாதுகாப்பின் வெற்றியாகச் சொல்கின்றன. அது உண்மை. ஆனால் பாதி உண்மை. வெற்றுக் கருவி கையில் இருக்கும்போது டாக்டருக்கு நேரம் கிடைத்தது. துணியை ஒரு மடிப்பு அடைத்து, விரலால் தொட்டுப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, சரியில்லை என்றால் முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வைக்கலாம். ரேடியத்தை வைத்துக்கொண்டு யாரும் அப்படிச் செய்யத் துணிய மாட்டார்கள். நிதானம் என்ற ஒன்றைத் தந்ததால்தான் ஆஃப்டர்லோடிங் சிகிச்சையை உயர்த்தியது. பிறகு வந்த ஒவ்வொரு முன்னேற்றத்தையும் இந்த அளவுகோலால் அளந்தால் எது உண்மையில் முன்னேற்றம் என்பது தெரியும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் நம் ஊரில் வாய்ப் புற்றுநோயும் அதிகம். அதற்கும் இதே சிகிச்சை உண்டு. அங்கே காஸ் துணிக்குப் பதில் நூல். ரேடியம் ஊசியின் ஒரு முனையில் காது இருக்கும். அதில் கோத்த பட்டுநூலைக் கன்னத்தோலிலோ வாயின் உட்சவ்விலோ தைத்து முடிச்சிடுவார்கள். ஊசிகள் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்க வேண்டும் என்பது பேட்டர்சனும் பார்க்கரும் வகுத்த விதிகளில் ஒன்று. வெளியே தொங்கும் நூல்களை வார்டில் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் ஊசி நழுவிவிட்டது என்று பொருள். குப்பைக்கூடையிலும் படுக்கை விரிப்பிலும் தேட வேண்டும். இரிடியம் வந்த பிறகு ஊசியின் இடத்தை மெல்லிய பிளாஸ்டிக் குழாய் எடுத்துக்கொண்டது. அது நழுவாமலிருக்க இரு முனையிலும் ஒரு சிறு பட்டன். கன்னம் வீங்கினால் பட்டன் அழுத்தும். வீக்கம் வடிந்தால் பட்டனுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழும். குழாய் அந்த அளவுக்கு நகரும். கண்ணில் வரும் கட்டிக்கு, கதிரியக்க விதைகள் பதித்த சிறு தகட்டை விழிவெண்படலத்தின் மேல் தைத்து நிறுத்துகிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவில் இதற்குப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அயோடின்-125 விதைகள் பயன்பட்டிருக்கின்றன. கதிரியக்கப் பொருள் மும்பையில் அணுவிஞ்ஞானிகள் செய்தது. அது நிற்பது கண் மருத்துவர் போடும் இரண்டு மூன்று தையலில்.

இப்போதுள்ள இயந்திரங்களில் கதிரியக்கப் பொருள் ஓர் அரிசி மணியைவிடச் சிறியது. சுமார் 4 மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். அது ஒரு கம்பியின் நுனியில் ஒட்டியிருக்கும். இயந்திரம் கம்பியை நீட்டிக் கருவிக்குள் நிறுத்தி நிறுத்தி நகர்த்தும். இரிடியம்-192 என்றால் 74 நாளில் வலு பாதியாகும். அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கச் சில மையங்கள் ஐந்து ஆண்டுக்கு மேல் அரைவாழ்வு கொண்ட கோபால்ட்-60 வைத்திருக்கின்றன. மூன்று நாள் கிடந்த கிடை சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. ஒரு முறைக்கு 7 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம் மூன்று நான்கு முறை, அல்லது இந்திய மையங்கள் பல பின்பற்றுவதுபோல 9 கிரே வீதம் இரண்டு முறை. பெண்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் நிலைநிறுத்தும் சிக்கல் தீரவில்லை, இடம் மாறியது. முன்பு நோயாளி ஒரே கட்டிலில் கிடந்தார், நாட்கள் நகர்ந்தன. இப்போது நேரம் நிற்கிறது, நோயாளி நகர்கிறார். ஆபரேஷன் தியேட்டரில் கருவி வைத்து, ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி, சி.டி. ஸ்கேன் அறைக்குத் தள்ளிப்போய், ஸ்கேன் மேசைக்குத் தூக்கி, மறுபடி ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி, திட்டம் தயாராகும்வரை காத்திருக்கவைத்து, பிறகு சிகிச்சை அறைக்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு தூக்கலிலும், லிஃப்ட் வாசலில் சக்கரம் இடிக்கிற ஒவ்வொரு குலுக்கலிலும் கருவி கொஞ்சம் இறங்க வாய்ப்பு உண்டு. ரேடியம் காலத்தில் ஒரு மணி நேர விலகல் 72-ல் ஒரு பங்குத் தவறு. இன்று அந்தச் சில நிமிடம் தவறினால் அன்றைக்குரிய அளவு முழுவதும் தவறு.

இயந்திரமே ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் கம்பியை நிறுத்துகிறதே, இன்னும் துணியைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இயந்திரத்துக்குத் தெரிந்தது தன் கம்பியின் நீளம் மட்டும். கருவி எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. கருவி ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், இயந்திரம் மிகத் துல்லியமாகத் தவறான இடத்தில் கதிரைக் கொடுத்துவிட்டு, சரியாகக் கொடுத்தேன் என்று பதிவும் எழுதி வைக்கும். தன் கம்பியைப் பற்றியேகூட அதற்கு எல்லாம் தெரியும் என்று நம்பக் கூடாது என்பதை 1992 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த துயரம் காட்டியது. கம்பி உடைந்து இரிடியம் நோயாளியின் உடம்பிலேயே தங்கிவிட்டது. சுவரிலிருந்த கதிர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இயந்திரத்தின் திரையோ ‘பாதுகாப்பு’ என்று காட்டியது. ஊழியர்கள் திரையை நம்பினார்கள். கையில் பிடித்துப் பார்க்கும் அளவுமானியை யாரும் எடுக்கவில்லை. அந்த மூதாட்டி சில நாளில் இறந்துபோனார். ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் நோயாளியின் மேல் அளவுமானியைப் பிடித்துப் பார்ப்பது இன்று இங்கும் கட்டாயம். அந்த விதியின் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது.

நிலை பிசகினால் உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்பதற்கு ஆதாரம் உண்டு. 1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் 66 பெண்களின் பழைய எக்ஸ்ரேக்களை எடுத்துவைத்து, கருவி சரியாக நின்றதா இல்லையா என்று மதிப்பிட்டார்கள். சரியாக நின்றவர்களில் 68 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டு வரை நோய் அந்த இடத்தில் திரும்பவில்லை. சரியாக நிற்காதவர்களில் அது 34 சதவீதம். பாதிக்குப் பாதி. சிறிய ஆய்வு, பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் 2012-ல், இரண்டு மருத்துவப் பரிசோதனைகளில் சேர்ந்த 103 பெண்களின் படங்களை இன்னொரு குழு ஆராய்ந்தபோதும் அதே திசையில்தான் முடிவு வந்தது. உருண்டைகள் கர்ப்பப்பை வாயை விட்டு விலகி நின்றால் நோய் அதிகம் திரும்பியது. துணி சரியாக அடைக்கப்படாவிட்டால் நோயின்றி வாழும் காலம் குறைந்தது. ஒரு புதிய மருந்து இந்த அளவு வேறுபாட்டைக் காட்டியிருந்தால் பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தியாகியிருக்கும்.

துணி அடைப்பது எளிய வேலை என்று நினைப்பவர்கள் அதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நீளமான ரிப்பன்போன்ற காஸ். ஒன்று போதாவிட்டால் அடுத்ததை முனையோடு முனை முடிந்துகொள்வார்கள், ஒரு துண்டும் உள்ளே தங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஸ்கேனில் தெரியும்படி அதை நனைத்துக்கொள்வதும் உண்டு. முதலில் உருண்டைகளுக்குப் பின்னால், மலக்குடலைத் தள்ளும்படி. பிறகு முன்னால், மூத்திரப்பையைத் தள்ளும்படி. மடிப்பு மடிப்பாக, இடுக்கியால் ஓரத்துக்கு ஒதுக்கி ஒதுக்கி. உருண்டைக்கு மேலே ஒரு மடிப்புக்கூட ஏறக் கூடாது. ஏறினால் அது கர்ப்பப்பை வாய்க்கும் உருண்டைக்கும் நடுவே புகுந்து, காப்பாற்ற வேண்டிய கருவியையே கீழே தள்ளிவிடும். தளர்வாக அடைத்தால் நழுவும். அளவுக்கு மீறி இறுக்கினால் வலி தாங்காமல் நோயாளி உடம்பை முறுக்குவார், அப்போதும் நழுவும். மயக்கம் கொடுக்காமல், ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா’ என்று சொல்லியே இதைச் செய்கிற வழக்கம் நெரிசல் மிகுந்த இடங்களில் நெடுங்காலம் இருந்தது. வலியைத் தணிப்பது கருணை என்று மட்டும் எண்ணப்பட்டதே அதற்குக் காரணம். வலிக்கிற உடம்பு இறுகும், விலகும், அசையும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு வலியில்லாமல் செய்யப்பட்ட பெண்ணின் உடலில்தான் துணி ஒழுங்காக அடையும், கருவி நிற்கும். மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிற சிகிச்சையில் வலிநிவாரணமும் ஓர் அளவுக் கருவிதான். இதைத் துறைக்குள்ளேயே இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைவேலையைக் கொண்டாடுவது பழமை மோகம், அந்தக் கைகள்தானே எத்தனையோ பெண்களுக்கு மலக்குடல் ஓட்டை விழக் காரணமாயின என்று மறுப்பவர்கள் உண்டு. மறுக்க முடியாது. ஏ புள்ளியே ஒரு சராசரிப் பெண்ணுக்குப் போட்ட கணக்கு. கட்டி பெரிதாக இருந்தவளுக்கும் சிறிதாக இருந்தவளுக்கும் ஒரே புள்ளி. கை என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லாதபோது, நல்ல கையும் மோசமான கையும் ஒன்றாகவே தெரிந்தன. அதை மாற்றியது முப்பரிமாணப் படம். 2005, 2006 ஆண்டுகளில் ஐரோப்பியக் குழு ஒன்று, எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியை வரைந்து அதற்கு அளவு குறிக்கவும், மலக்குடலிலும் மூத்திரப்பையிலும் அதிகக் கதிர் வாங்கும் 2 கன சென்டிமீட்டரைத் தனியே கணக்கிடவும் வழி வகுத்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் பங்கேற்ற எம்ப்ரேஸ் ஆய்வு அந்த வழியைப் பின்பற்றி, 2021-ல் முடிவை வெளியிட்டது: ஐந்தாண்டுகளில் 92 சதவீதம் பேருக்கு நோய் அந்த இடத்தில் அடங்கியிருந்தது. நான் சொல்ல வருவதற்கு இது எதிரானது இல்லை, ஆதரவானது. படம் கருவியை நகர்த்துவதில்லை. கருவி எங்கே நிற்கிறது என்று சொல்கிறது, அவ்வளவே. சரியில்லை என்று படம் சொன்னால் எடுத்துவிட்டு மறுபடி வைக்க ஒரு கை வேண்டும். வைக்க மனமும் நேரமும் வேண்டும். தியேட்டருக்கு வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருக்கும் நாளில், ‘இதுவே போதும், கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம்’ என்ற ஆசை வரும். ஓரளவுக்குச் சரிசெய்யலாம், கட்டியை விட்டு விலகி நிற்கிற கருவியைக் கணக்கால் அருகே கொண்டுவர முடியாது.

உள்ளே வைக்கும் தொல்லையே வேண்டாம், வெளியிலிருந்தே துல்லியமாகக் கொடுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்பது அடுத்த வாதம். தென்சென்னைவாசிகளுக்கு இது கையெட்டும் வாதம். தரமணியில் 2019-ல் புரோட்டான் மையமே வந்துவிட்டது. பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடிச் சாலை நெடுகிலும் பெரிய மருத்துவமனைகள் எழுகின்றன. கோவிலம்பாக்கத்துக்காரர் அடையாறு வரைக்கும்கூடப் போக வேண்டாம். இந்த மாற்றை அமெரிக்கா ஏற்கெனவே தன் பெண்கள்மேல் செய்துபார்த்துவிட்டது. அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உள் கதிர்வீச்சு பெற்றவர்கள் 1988-ல் 83 சதவீதம். 2009-ல் 58 சதவீதம். உள் கதிர்வீச்சு பெறாதவர்கள், பெற்றவர்களைவிட அதிகம் இறந்தார்கள் என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் மறுபடியும் அசைவுதான். வெளிக்கதிர் பாயும்போது கர்ப்பப்பை ஓரிடத்தில் நிற்பதில்லை. மூத்திரப்பை நிறைந்தால் ஓரிடம், காலியானால் ஓரிடம். அதைப் பிடிக்க வேண்டுமானால் கதிரின் எல்லையைச் சுற்றிலும் விரிக்க வேண்டும். விரித்தால் குடல் அகப்படும். உள்ளே வைத்த கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. உறுப்பு அசைந்தால் கருவியும் அதோடு சேர்ந்து அசையும். உறுப்போடு ஒன்றாகக் கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்பதே அதன் மேன்மை. கட்டிப்போடுவது அந்தக் காஸ் துணிதான். ஆகவே புதிய மருத்துவமனைக்குப் போகும் குடும்பம், எந்தக் கம்பெனி இயந்திரம் என்பதோடு, கருவி வைப்பவர் வாரத்துக்கு எத்தனை வைக்கிறார், ஸ்கேனும் சிகிச்சையும் ஒரே அறையிலா, கதிர் பாயும் முன் இன்னொரு முறை நிலையை அளக்கிறார்களா என்பதையும் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு.

கடைசி மறுப்புத்தான் மிக நல்ல மறுப்பு. அது பலிக்க வேண்டும் என்றே எல்லோரும் விரும்ப வேண்டும். நோயே வராமல் தடுத்துவிட்டால் இதெல்லாம் எதற்கு? திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு, பயிற்சி பெற்ற நர்ஸ் வினிகரைத் தடவிக் கண்ணால் பார்க்கும் ஒரே ஒரு பரிசோதனை, இந்த நோயால் நேரும் மரணத்தை 35 சதவீதம் குறைத்தது என்று காட்டியது. 14 வயதுச் சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடத் தமிழக அரசு 2025–26 பட்ஜெட்டில் அறிவிப்புச் செய்தது. சென்னையில் இந்த நோய் முதலிடத்தை மார்பகப் புற்றுநோய்க்கு விட்டுக்கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. எல்லாம் சரி. ஆனால் 2026-ல் ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமிக்கு, இந்த நோய் அதிகம் வரும் 45 வயது ஆக 2057 ஆகும். அதுவரை நோய்க்கு ஆளாகப் போகிறவர்கள் அவளுடைய அம்மாவும் அத்தையும் பெரியம்மாவும். இந்தியாவில் 2022-ல் மட்டும் புதிதாக 1,27,526 பெண்களுக்கு இந்த நோய் வந்ததாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. நோய் குறையக் குறைய, கருவி வைத்துப் பழகும் வாய்ப்பும் இளம் டாக்டர்களுக்குக் குறையும். அமெரிக்காவில் பயிற்சி முடித்து வெளிவருகிறவர்களே போதிய அளவு செய்து பார்க்காமல் வருகிறோம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இன்றைக்கு அந்தக் கைகள் உண்டு. எழுபது ஆண்டுக் கூட்டத்தால் பழகிய கைகள் அவை.

அந்தக் கைகளுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த மடிப்பில் நிறுத்த வேண்டும், இடுக்கி எதிர்ப்பை உணரும்போது அது துணியின் இறுக்கமா உடம்பின் இறுக்கமா, எப்போது எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும் என்பவை சீனியர் டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்தே கற்கப்படுகின்றன. சில மையங்களில் நோயாளியின் தொடையிலும் கருவியின் தண்டிலும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுகிறார்கள். தியேட்டரில் ஒரு முறை, ஸ்கேன் முடிந்ததும் ஒரு முறை, சிகிச்சை அறையின் கதவு மூடுவதற்கு முன் ஒரு முறை, ஒரு சாதாரண ஸ்கேலை வைத்து அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் கதவு மூடும்.